தானாக மங்கும் பின்காட்டிக் கண்ணாடி பழுதானால்: கேள்வி பதில்

பழைய கார்களில் உள்ள தானாக மங்கும் உள் கண்ணாடியைப் பற்றிப் பல கேள்விகள் சேர்ந்துவிட்டதால் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். காரின் மின் இணைப்புகளும் மின்னணுப் பாகங்களும் என் வேலை. அதற்கு வெளியே போகும் கேள்விகளை உரியவர்களிடம் அனுப்பிவிடுகிறேன்.

கேள்வி: என் காருக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது. உள் கண்ணாடியின் கீழ் மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. இது அழுக்கா, பழுதா?

பதில்: பழுதுதான். அந்த வளையம் கண்ணாடியின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. இது ஒற்றைத் தகடு அல்ல. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு, மின்னழுத்தம் பட்டால் நிறம் மாறும் திரவத்தையோ கூழையோ நிரப்பி, ஓரத்தைச் சுற்றிலும் எபாக்சி பசையால் அடைத்திருப்பார்கள். முன் தகட்டின் உட்பக்கத்தில், மின்சாரத்தைக் கடத்தக்கூடிய, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு இருக்கும். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் கூடும்போது, மின்சுற்று இந்தத் தகடுகளுக்கு இடையே 1.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுக்கும். உடனே உள்ளே இருக்கும் சேர்மங்களில் ஒரு வகை எலெக்ட்ரானை ஏற்கும், இன்னொரு வகை இழக்கும். அதனால் நிறம் பெற்று ஒளியை விழுங்கும். மின்னழுத்தம் நின்றதும் எலெக்ட்ரான்கள் திரும்பக் கைமாறி, கண்ணாடி தெளிந்துவிடும்.

வெயிலில் நிற்கும் காரில் முன்கண்ணாடியை ஒட்டிய இடம்தான் மிக அதிகமாகச் சூடாகும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டைத் தாங்கிய ஓரப் பசை ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். காற்றும் ஈரமும் உள்ளே போகும், திரவம் வெளியே வரும். கண்ணாடியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். வளையத்தின் விளிம்பு மெதுவாக நகர்ந்தாலோ உருவம் மாறினாலோ அது காற்றுக் குமிழி. அடுத்த கட்டம், சட்டத்தின் கீழ் விளிம்பில் எண்ணெய்ப் பசை போல ஒரு சொட்டு தேங்குவது. அந்தச் சொட்டு டேஷ்போர்டில் விழுந்தால் பிளாஸ்டிக் இளகிப்போகும், சாயமும் உரியும். எனவே புதிய கண்ணாடி கிடைக்கும் வரை காத்திருக்காமல், பழையதை இன்றே கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவையுங்கள். பின்னால் பார்க்கத் தற்காலிகமாக ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: குமிழி எதுவும் இல்லை, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இரவில் மங்குவதே இல்லை. புதியது வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள், முதலில் சோதியுங்கள். மங்காத கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, அதுவும் மங்காமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழுது கண்ணாடியில் இருக்காது, அதற்கு வரும் வயரில் இருக்கும்.

கண்ணாடியில் இரண்டு ஒளி சென்சார்கள் உண்டு. முன்கண்ணாடியைப் பார்த்திருப்பது வெளியே பகலா இரவா என்று அறியும். உங்களைப் பார்த்திருப்பது பின்னாலிருந்து வரும் கூச்சத்தை அளக்கும். இக்னிஷனைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன் சென்சாரைக் கட்டைவிரலால் முழுவதுமாக மூடிக்கொண்டு, கைப்பேசியின் டார்ச்சை மற்ற சென்சாருக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல கண்ணாடியாக இருந்தால் சில வினாடிகளில் ஓரங்களிலிருந்து நடுப்பகுதி நோக்கி நீலப் பச்சை நிறம் பரவுவதைக் கண்ணாலேயே காணலாம். அப்படிப் பரவினால் கண்ணாடியும் மின்சுற்றும் உயிரோடுதான் இருக்கின்றன. இரவில் பின்பக்க சென்சாரை எதுவோ மறைக்கிறது, அல்லது முன் சென்சாரில் வேறு வெளிச்சம் விழுகிறது.

எதுவும் நடக்கவில்லை என்றால், கண்ணாடியை இயக்கும் பொத்தான் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பின்புறக் கனெக்டரைக் கழற்றி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரால் பாருங்கள். இக்னிஷன் வயரில் 12 வோல்ட் வர வேண்டும், எர்த் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாவதாகப் பலரும் மறந்துவிடும் ரிவர்ஸ் வயர் ஒன்று உண்டு. ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்த வயரில் 12 வோல்ட் வந்தால் கண்ணாடி மங்காமல் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழைய காரில் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் கெட்டு எப்போதும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் அது மங்காது. இந்த மூன்றும் சரியாக இருந்தும் மங்கவில்லை என்றால்தான் கண்ணாடியின் மேல் பழியைப் போடலாம்.

கேள்வி: கசிந்த திரவத்துக்குப் பதிலாகப் புதிதாக நிரப்பி ஓரத்தை ஒட்ட முடியுமா?

பதில்: முடியாது. காற்றும் ஈரமும் உள்ளே போன பிறகு மிச்சமிருக்கும் சேர்மமும் கெட்டுவிடுகிறது. பூச்சும் பல இடங்களில் அரித்துப்போயிருக்கும். அவ்வளவு குறுகிய இடைவெளியைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்புவது தொழிற்சாலையில் மட்டுமே நடக்கும். வெளியிலிருந்து பசை தடவினால் சொட்டுவது கொஞ்ச நாள் நிற்கலாம், குமிழி வளர்வது நிற்காது.

கேள்வி: முன்கண்ணாடியை உடைக்காமல் உள் கண்ணாடியை எப்படிக் கழற்றுவது?

பதில்: கொடுக்கும் விசை எப்போதும் முன்கண்ணாடியின் தளத்துக்கு இணையாகவே இருக்க வேண்டும், உங்களை நோக்கி இழுக்கவே கூடாது. முன்கண்ணாடியில் ஒட்டிய சிறு உலோகப் பொத்தானில் சொருகி நிற்கும் வகையில், தண்டின் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கும்; பல கார்களில் அது நட்சத்திர வடிவத் தலை கொண்ட டார்க்ஸ் 20 அளவு. அதைத் தளர்த்திவிட்டுப் பொத்தானின் வழியிலேயே மேல் நோக்கி நகர்த்தினால் வந்துவிடும். திருகே இல்லாத வகையில் தண்டைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டியிருக்கும். எந்த வகை என்று உங்கள் மாடலின் பணிமனைக் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். அடியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியவர்களுக்குக் முன்கண்ணாடியும் போகும், அங்கே மழையை உணரும் ரெயின் சென்சாரும் போகும். கசியும் கண்ணாடியாக இருந்தால் டேஷ்போர்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பும் பழைய துணியும் போட்டுவிட்டு, கையுறை அணிந்து தொடங்குங்கள்.

கேள்வி: உள்ளே இருக்கும் மங்கும் தகட்டை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமா?

பதில்: மின்சுற்று நன்றாக இருந்தால் தகடு மட்டும் போதும். தகட்டின் வெளி உருவம் உங்கள் சட்டத்துக்கு அப்படியே பொருந்த வேண்டும், சென்சாருக்கான திறப்பும் அதே இடத்தில் இருக்க வேண்டும். சட்டத்தை ஹேர் டிரையரால் சுற்றிலும் இளஞ்சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்புகோலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது திறந்தால் கொக்கிகள் ஒடிந்துவிடும். தகட்டின் ஓரத்தில் இரண்டு வயர்கள் கிளிப் மூலமோ சாலிடர் மூலமோ சேர்ந்திருக்கும். சாலிடர் என்றால் சூட்டுக்கோலை வயரில் வையுங்கள், தகட்டின் பூச்சில் வைக்காதீர்கள்.

முழுக் கண்ணாடி என்றால் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு தாளில் உள்ள பாக எண்ணையும் கனெக்டரின் முள் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். கனெக்டர் பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பி மின்சாரம் கொடுக்கக் கூடாது; ஒரே கனெக்டரில் முள் வரிசை வேறாக இருக்கலாம். பழைய உதிரியாக வாங்கினால், தகட்டைச் சாய்த்துக் குமிழி பார்த்துவிட்டு, 1 ஆம்பியர் பியூஸ் வழியாகக் கனெக்டருக்கு 12 வோல்ட் கொடுத்து, மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக, கீழே நெம்புகோல் வைத்த பழைய பகல் இரவுக் கண்ணாடியை மாட்டிவிட்டால் என்ன? அதில் கெட்டுப்போக எதுவுமே இல்லையே?

பதில்: நியாயமான கேள்வி. அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவத்தில் வெட்டப்பட்டது. முன் பரப்பும் பின் பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்காது. பகலில் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சின் பிம்பம் உங்கள் கண்ணுக்கு வரும். நெம்புகோலைத் தள்ளியதும் அந்தப் பிம்பம் கூரைப் பக்கம் போய்விடும், பூச்சில்லாத முன் பரப்பு பிரதிபலிக்கும் சுமார் 4 சதவீத ஒளி மட்டும் உங்களிடம் வரும். மின்சாரம் வேண்டாம், எத்தனை ஆண்டானாலும் கசியாது. வெளிக் கண்ணாடிகள் மங்காத சாதாரண வகையாக இருந்து, உள் கண்ணாடிக்குப் பாகம் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் மாட்டலாம்.

கேள்வி: முந்தைய பதிலை மறுக்கிறேன். நெம்புகோலைத் தள்ளிய பிறகு பின்னால் வருவது லாரியா, பைக்கா என்றே தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் இது ஆபத்தில்லையா?

பதில்: உங்கள் மறுப்பு சரியான இடத்தைத் தொடுகிறது. நெம்புகோலுக்கு இரண்டே நிலைகள்தான். மங்கும் கண்ணாடி கூச்சத்தின் அளவுக்கு ஏற்ப நடுவில் எந்த நிலையிலும் நிற்கும், கூச்சம் போனதும் தானே தெளியும். நெம்புகோலைத் திருப்பித் தள்ள மறந்து மைல் கணக்கில் இருட்டுப் பிம்பத்தோடு ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஐக்கிய நாடுகளின் 46 ஆம் எண் வாகன விதி பகல் நிலையில் குறைந்தது 40 சதவீதமும் இரவு நிலையில் குறைந்தது 4 சதவீதமும் பிரதிபலிப்பு வேண்டும் என்கிறது; நெம்புகோல் கண்ணாடி அந்தக் கீழ் எல்லையை ஒட்டியே வேலை செய்கிறது. எனவே அது ஆபத்தான பொருள் அல்ல, வசதி குறைந்த பொருள்.

கேள்வி: தானாக மங்குவதெல்லாம் சமீபத்திய ஆடம்பரம்தானே? அது இல்லாமலே இவ்வளவு காலம் ஓட்டினோமே?

பதில்: சமீபத்தியது என்பதை ஏற்க மாட்டேன். புகை எச்சரிக்கைக் கருவிகள் செய்வதற்காக 1974 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் தொடங்கப்பட்ட ஜென்டெக்ஸ் நிறுவனம், மோட்டாரால் தானே சாயும் ஆப்புக் கண்ணாடியை 1982 இலும் நிறம் மாறும் வகையை 1987 இலும் கொண்டுவந்தது. ஆடம்பரம் என்பதையும் ஏற்க மாட்டேன். வயது ஏற ஏற, கூச்சத்திலிருந்து கண் மீள எடுக்கும் நேரம் கூடும்; ஹை பீமில் ஒட்டி வரும் ஒரு வண்டி போதும், அடுத்த சில நொடிகளுக்குச் சாலையோரத்தில் நடப்பவர் தெரியமாட்டார். நெம்புகோல் கண்ணாடி நடுக் கண்ணாடிக்கு மட்டுமே உதவும், வெளிக் கண்ணாடிகளில் வரும் கூச்சத்துக்கு அதனிடம் மருந்தில்லை. பழைய கார் என்பதற்காக இந்த வசதியைக் கைவிட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: உள் கண்ணாடி கெட்டதிலிருந்து ஓட்டுநர் பக்கத்து வெளிக் கண்ணாடியும் மங்குவதில்லை. இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பல கார்களில் வெளிக் கண்ணாடிக்குச் சொந்தமாக சென்சார் கிடையாது, உள் கண்ணாடி அனுப்பும் மின்னழுத்தத்தில்தான் அது மங்கும். உள்ளே இருப்பதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு வெளியே பாருங்கள். நெம்புகோல் கண்ணாடிக்கு மாற நினைப்பவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். உள் கண்ணாடியை எடுத்துவிட்டால் வெளிக் கண்ணாடியும் சேர்ந்து செயலிழக்கும்.

கேள்வி: கண்ணாடி பகலிலும் கறுத்தே இருக்கிறது.

பதில்: கனெக்டரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள். தெளிந்தால் மின்சுற்றிலோ முன் சென்சாரை மறைத்திருக்கும் ஒட்டுத்தாளிலோ பழுது; தெளியாவிட்டால் தகடு கெட்டுவிட்டது. மிகுந்த குளிரில் தெளிவதற்கு நேரம் பிடிப்பது இயல்பு.

கேள்வி: திரவத்தை ஊசியால் ஏற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: மேலே பதில் சொல்லியிருக்கிறேன். முடியாது.

கேள்வி: தகட்டுக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் சீக்கிரம் தெரிந்துவிடாதா?

பதில்: சீக்கிரம் கெட்டுவிடும். தகட்டுக்கு வேண்டியது 1.2 வோல்ட் அளவு. அதற்குப் பத்து மடங்கு கொடுத்தால் உள்ளே இருக்கும் சேர்மம் நிரந்தரமாகச் சிதையும். 12 வோல்ட் கனெக்டருக்குத்தான், தகட்டுக்கு அல்ல. தகட்டைத் தனியாகச் சோதிக்க ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியைச் சில வினாடிகள் மட்டும் தொட்டால் போதும்.

கேள்வி: டேஷ்கேம் வைத்த பிறகு கண்ணாடி சரியாக மங்குவதில்லை.

பதில்: கேமராவின் திரை வெளிச்சமோ சிறு விளக்கோ முன் சென்சாரில் விழுகிறது, கண்ணாடி அதைத் தெருவிளக்கு என்று எடுத்துக்கொள்கிறது. கேமராவைத் தள்ளி வையுங்கள். அதன் வயரை ஓரத் தூண் வழியாகக் கொண்டுபோயிருந்தால், அங்கிருக்கும் ஏர்பேக்கின் குறுக்கே செல்லாமல் பின்னால் செல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொத்தானே முன்கண்ணாடியிலிருந்து பெயர்ந்துவிட்டது. உடனடிப் பசையால் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். சூட்டிலும் அதிர்விலும் அது உடைந்துவிடும், மங்கும் கண்ணாடியின் எடையும் கூடுதல். இதற்கென்றே விற்கும் கண்ணாடிப் பசையை, பசை இறுகுவதற்காகக் கூடவே வரும் தூண்டு திரவத்தோடு வாங்குங்கள். பழைய பசையை பிளேடால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பொத்தானின் குறுகிய முனை மேலே இருக்கும்படி அழுத்தி ஒட்டி, இரவு முழுவதும் விட்ட பிறகு கண்ணாடியை மாட்டுங்கள்.

கேள்வி: முன்கண்ணாடியில் பொத்தானுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறது.

பதில்: அது என் துறை அல்ல. கண்ணாடி பொருத்துபவரிடம் காட்டுங்கள், அதற்கு முன் எதையும் அதில் மாட்டாதீர்கள்.

கேள்வி: ஐயா, திரவம் ஏற்கெனவே டேஷ்போர்டில் சொட்டிவிட்டது. கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. நிரப்பித் தரும் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: நிரப்பித் தரும் ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் கண்ணாடியைக் கழற்றுங்கள், அது தொங்கும் வரை சொட்டிக்கொண்டேதான் இருக்கும். கையுறை அணிந்து, சொட்டிய இடத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். பிறகு சோப்பு நீரில் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, நல்ல நீரால் முடியுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இளகிய பிளாஸ்டிக்கை அவை இன்னும் கெடுக்கும். பிசுபிசுப்பு போனாலும் மேற்பரப்பு வெளுத்தே இருந்தால் அந்தப் பகுதியின் உறையைத்தான் மாற்ற வேண்டும். சொட்டு ரேடியோவுக்குள்ளோ சுவிட்சுகளுக்குள்ளோ போயிருந்தால் பேட்டரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டு அவற்றை வெளியே எடுத்துப் பாருங்கள்.