நிவாரணப் பணம் யார் கைக்குப் போகலாம்?

ஐப்பசி பிறந்து வானிலை அறிவிப்புகள் வரத் தொடங்கியதும் என் மேஜைக்கு வரும் கேள்விகளின் ரகம் மாறிவிடும். வருமான வரியை விட்டுவிட்டு நன்கொடையைப் பற்றிக் கேட்பார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஆடிட்டர் என்ற முறையில் சட்டத்தைச் சொல்கிறேன், நடுநடுவே என் அபிப்பிராயமும் வரும்.

ஒவ்வொரு புயலுக்கும் எங்கள் தெருவில் துணிமணி சேர்த்து லாரியில் அனுப்புவோம். இந்த முறை பணமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எது சரி?
*(வாசகி, காரைக்குடி)*

பிள்ளைகள் சொல்வதுதான் சரி, ஆச்சி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாலையோரம் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. அதை அள்ளிப் போடுவதே தனி வேலையாகிவிட்டது. ஜாக்கெட் இல்லாத புடவை, ஜிப் போன பேன்ட், ஒற்றைச் செருப்பு. வீடு வாசலை இழந்து நிற்பவருக்கு இதைக் கொடுக்க நமக்கு எப்படி மனசு வருகிறது?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நமக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கிராமங்களில், கேட்டது வேறு. தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, மரம் அறுக்கும் மெஷின், ஜெனரேட்டர். மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டி இருந்தும் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடாது. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து டீசல் ஊற்றித்தான் குழாயில் தண்ணீர் வந்தது. டீசலுக்கு வேண்டியது பணம், புடவை இல்லை. பணமாகப் போனால் அன்றைக்கு எது தேவையோ அதைப் பக்கத்து ஊர்க் கடையிலேயே வாங்குவார்கள். அந்தக் கடைக்காரருக்கும் நாலு நாள் வியாபாரம் போயிருக்கும்.

இல்லை, பொருளாகத்தான் கொடுப்போம் என்றால் புதிதாக வாங்குங்கள். உள்பாவாடை, நைட்டி, கைலி, துண்டு, நாப்கின். இவைதான் எப்போதும் குறைவாக வரும். ஒரு மூட்டையில் ஒரே வகை. உள்ளே என்ன, எத்தனை என்று மூட்டை மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

அரிசி ஆலை வைத்திருக்கிறோம். நூறு மூட்டை அரிசி அனுப்பினால் வரிச் சலுகை உண்டா?
*(வாசகர், புதுவயல்)*

இல்லை. 80ஜி என்று நாம் வழக்கமாகச் சொல்லும் நன்கொடை வரிச் சலுகை பணத்துக்கு மட்டும், பொருளுக்குக் கிடையாது. அதற்காக அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். லாரி ஏற்றும் முன் அந்த மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி, அரிசி வேண்டுமா, எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், 25 கிலோ வரையிலான பைக்கு வரும் ஜிஎஸ்டியைத் தவிர்க்க எல்லோரும் 26 கிலோ சிப்பம் போடுகிறீர்களே, அது இங்கே உதவாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வருகிற பெண் தூக்கிப் போகிற மாதிரி 5 கிலோ பையாகப் போடுங்கள்.

வாட்ஸ்அப்பில் முதலமைச்சர் நிதி என்று ஒரு க்யூஆர் கோடு வந்தது. நம்பலாமா?
*(வாசகர், பள்ளத்தூர்)*

அனுப்பியவர் உங்கள் சம்பந்தியாகவே இருந்தாலும் நம்ப வேண்டாம். அவருக்கும் யாரோ அனுப்பியதுதான். 2020இல் பி.எம். கேர்ஸ் தொடங்கிய சில நாளிலேயே, யூபிஐ முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலிகள் கிளம்பின. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அரசின் இணையதளம் இருக்கிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

அப்பத்தா நினைவாக 50,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறோம். தொண்டு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
*(வாசகி, கானாடுகாத்தான்)*

அந்த ஊரில் புயலுக்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தேடுங்கள். மீனவர் சங்கமோ, பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்போ, பள்ளி நடத்தும் அறக்கட்டளையோ, எதுவானாலும் சரி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்றுபோனபோது பயணிகளுக்குச் சோறு போட்டது பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்தான். வெளியிலிருந்து முதலில் யாரும் போய்ச் சேரவே முடியவில்லை. உள்ளூர் ஆள் இல்லாத அமைப்புக்கு முதல் வாரம் முழுக்க வழி கேட்பதிலேயே போய்விடும்.

போன் போட்டுப் பேசுங்கள். போன முறை வந்த பணத்தில் என்ன செய்தீர்கள், கணக்கு காட்ட முடியுமா என்று கேளுங்கள். தேவைக்கு மேல் வசூலானால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். நேர்மையான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். "எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது" என்று பெருமையடிப்பவரிடம்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். கணக்கு எழுதவும் வண்டி ஓட்டவும் ஆள் வேண்டாமா?

இன்னொன்று. 50,000த்தையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். பாதியை இப்போது கொடுங்கள். மீதியை ஆறு மாதம் கழித்து. டிவி கேமரா கிளம்பிய பிறகுதான் பெரிய செலவு வரும். கஜாவில் விழுந்த தென்னைக்குப் பதிலாக நட்ட பிள்ளை காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை விற்றுச் சாப்பிடும்? அந்த நேரத்தில் வரும் 25,000 ரூபாய்க்கு மதிப்பே வேறு. மறந்துபோகும் என்று பயமா? அந்தக் காலத்துப் பெட்டியடிகளில் (வட்டிக்கடைகளில்) மகமைக்கு, அதாவது தர்மத்துக்கு ஒதுக்கும் பங்குக்கு, தனியாகப் பேரேடு வைத்து வரவு வைத்தார்களே, அதுபோல இதற்கும் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.

நான் மலேசியக் குடிமகன். சொந்த ஊர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?
*(வாசகர், கோலாலம்பூர், பூர்வீகம் கண்டனூர்)*

இதில் நம்மவர்கள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். உங்கள் பணத்தை வாங்க, அந்த அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ சட்டப்படி உள்துறை அமைச்சகத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பணமும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) ஊருக்கு வந்திருக்கும்போது ரூபாயாகக் கொடுத்தாலும் இதே கதைதான். சித்தப்பா மகன் கணக்கில் போட்டு அவர் பெயரில் கொடுக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். மாட்டப்போவது ஊரில் இருக்கும் அறங்காவலர்கள்.

உங்கள் தம்பி இந்திய பாஸ்போர்ட்டில் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார் என்றால், அவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பத் தடையில்லை.

எங்கே கொடுத்தால் முழு வரிவிலக்கு?
*(வாசகர், தேவகோட்டை)*

பிரதமர் தேசிய நிவாரண நிதி, பி.எம். கேர்ஸ், முதலமைச்சர் நிவாரண நிதி, மூன்றுக்கும் 100 சதவீதம். 80ஜி பதிவுள்ள சாதாரண அறக்கட்டளைக்குப் பொதுவாக 50 சதவீதம், அதற்கும் வருமானத்தை வைத்து உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் எதுவும் கிடைக்காது. அறக்கட்டளையிடம் ரசீதோடு நிற்காமல் வரித்துறைக்கான நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம். அதில் 80ஜி கிடையாது.

2025 நவம்பரில் 'டிட்வா' புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. கொழும்பில் பாட்டனார் காலத் தொடர்பு உண்டு. ஊர் அறக்கட்டளைப் பணத்திலிருந்து அங்கே அனுப்பலாமா?
*(வாசகர், கோட்டையூர்)*

அறக்கட்டளைப் பணத்தைத் தொட வேண்டாம். இந்தியாவுக்கு வெளியே செய்யும் செலவு, வரித்துறையின் தனி அனுமதி இல்லாமல், அறச் செலவாகக் கணக்கில் ஏறாது. அதற்கு அறக்கட்டளை வரி கட்ட வேண்டி வரும். தனிநபராக நீங்கள் அனுப்பலாம். ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இடமுண்டு, நன்கொடையும் அதில் அடங்கும். 80ஜி மட்டும் கிடைக்காது. வங்கியில் படிவம் ஏ2 கேட்பார்கள். பான் அட்டையும் பெறுபவரின் வங்கி விவரமும் கையோடு கொண்டுபோங்கள்.