கேட்டாங்க, சொல்றோம்: மாவுப்பூச்சி, மரவட்டை, மரப்பொந்து சிலந்தி

போன இதழ்ல பூச்சி, பூரான், சிலந்தி பத்தி என்ன வேணா கேளுங்கன்னு ஒரு வரி போட்டோம், சேலம் ஜில்லாவே உக்காந்து எழுதிடுச்சு போல. அதுல அஞ்சு மட்டும் இப்போ.

குச்சிக்கிழங்கு போட்டிருக்கேன். கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்தா நின்னுபோச்சு, உள்ள வெள்ளையா மாவு. மருந்துக்கடையில குடுத்ததெல்லாம் அடிச்சாச்சு. இப்ப குளவி விடுங்கறாங்க, களை எடுக்கறவங்கள கொட்டிடாதுங்களா?
- விவசாயி, ஏத்தாப்பூர்

கொட்டாதுங்கண்ணா. நீங்க நினைக்கிற கூடு கட்ற குளவி இல்ல இது, பேரு அனகைரஸ் லோபெஸி, ரெண்டு மில்லிமீட்டர் தேறினா பெருசு, கண்ணு முன்னாடி பறந்தாலும் கொசுன்னு தள்ளி விட்டுருவீங்க.

உங்க கொழுந்துல வெள்ளையா மாவு மாதிரி நிக்கறது மாவுப்பூச்சி, அதுக்கு சொந்த ஊரு தென் அமெரிக்கா. 1970கள்ல ஆப்பிரிக்காவுக்குள்ள நுழைஞ்சு, கிழங்கையே சோறா நம்பி இருந்த ஜனங்க வயித்துல அடிச்சுது. அப்புறம் அதோட பூர்வீகத்தை தேடிப்போய் 1981ல பராகுவேல புடிச்சாங்க, அங்க அது அடங்கி ஒடுங்கி இருந்துச்சு, காரணம் இந்த குளவி. குளவியை ஆப்பிரிக்காவுக்கு கொண்டு போய் விட்ட வேலையை முன்னாடி நின்னு நடத்துனவரு ஹான்ஸ் ஹெரன்னு ஒரு சுவிஸ்காரரு, 1995ல உலக உணவுப் பரிசு வாங்குனாரு. நம்ம நாட்டுல மாவுப்பூச்சி 2020ல திருச்சூர்ல மொதல்ல தென்பட்டுச்சு, கொஞ்ச நாள்லயே சேலம், நாமக்கல்னு பரவிடுச்சு. பெங்களூர்ல இருக்கற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து குளவியை வரவழைச்சு வளர்த்து, 2022 மார்ச் 7ந்தேதி தோட்டத்துல மொத மொதல்ல விட்டது எங்க தெரியுமா, உங்க ஊரு மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துலதான்!

மருந்து ஏன் கேக்கலன்னா, பூச்சி மேல மெழுகுப் பூச்சு, அது போதாதுன்னு சுருண்ட கொழுந்துக்குள்ள வேற போய் உக்காந்துக்குது. எல்லாமே பொட்டை, ஆணே வேணாம், ஒவ்வொன்னும் நூத்துக்கணக்குல முட்டை வைக்கும், நாலு தப்பிச்சா போதும் மறுபடி தோட்டம் நிறைஞ்சிடும். அடிச்ச மருந்துல சாகறது யாருன்னா குளவியும், மாவுப்பூச்சியை தின்ற பொறிவண்டும்தான்.

ஒரு இலையை பறிச்சு லென்ஸ் வச்சு பாருங்க. சில பூச்சி மட்டும் உப்பி, பழுப்பாகி, கெட்டியா ஒட்டிட்டு நிக்கும். அதுக்குள்ள குளவியோட புழு இருக்கு, உயிரோட இருந்த மாவுப்பூச்சியை உள்ளயிருந்தே தின்னுட்டு வளருது. உருண்டையா ஓட்டை தெரிஞ்சா குளவி வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். அப்படி தெரியற செடியை கொளுத்தாதீங்க, கண்ட மருந்தும் அடிக்காதீங்க. எறும்பு சாரை சாரையா ஏறுதான்னும் பாருங்க, மாவுப்பூச்சி விடற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்கு காவல் நிக்கும், குளவியை கிட்ட விடாது. அடுத்த போகத்துக்கு பூச்சி பட்ட தோட்டத்து குச்சியை வாங்கி நடாதீங்க, பாதி பரவறதே அப்படித்தான். குளவிக்கு ஆராய்ச்சி நிலையத்துலயே கேட்டுப் பாருங்க, பக்கத்துல வச்சுக்கிட்டு எங்களுக்கு எழுதறீங்களே!

மழை ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள மரவட்டை வந்துடுது. பூரானும் அதுவும் ஒரே ஜாதிதானே, விஷமா?
- இல்லத்தரசி, ஏற்காடு

தூரத்து சொந்தம், குணம் வேற. பூரானுக்கு ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடி கால், மொத ஜோடியே விஷக்கொடுக்கா மாறியிருக்கும், கரப்பானை புடிச்சு தின்னும், கடிச்சா நல்லாவே வலிக்கும். மரவட்டைக்கு பெரும்பாலான வளையத்துல ரெண்டு ஜோடி, மெதுவாத்தான் போகும், கடிக்கத் தெரியாது. தொட்டா சுருண்டு ஒரு நாத்தத் தண்ணி விடும், கையில பட்டா கறை புடிக்கும், சோப்பு போட்டு கழுவுங்க, அந்த கையோட கண்ணை தேய்க்காதீங்க. நிஜமாவே ஆயிரம் காலுக்கு மேல இருக்கற ஒரு இனத்தை ஆஸ்திரேலியாவுல கண்டுபுடிச்சு 2021ல பேர் வச்சாங்க, 1306 கால்! எஸ்டேட்ல கொட்டற சில்வர் ஓக் சருகை எல்லாம் மென்னு மண்ணாக்கறதுல மரவட்டைக்கும் பங்கு இருக்கு, அதனால உப்பு, பினாயில் வேணாங்க, முறத்துல அள்ளி காப்பிச் செடிக்கடியில கொட்டிடுங்க.

தேள் கொட்டுனா மந்திரிச்சா போதுமா?
- வாசகர், ஓமலூர்

போதாது. செந்தேள் கொட்டி கொழந்தைக்கு வேர்த்து கொட்டுது, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுதுன்னா நேரா பெரியாஸ்பத்திரி. விஷம் இதயத்தை தாக்கும். மகாராஷ்டிரால மகாட்ங்கற ஊர்ல டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர்னு ஒருத்தர், ரத்த அழுத்தத்துக்கு குடுக்கற பிரசோசின் மாத்திரையை வச்சே நெறைய உசுர காப்பாத்திக் காட்டுனாரு, இன்னைக்கு அதுதான் முக்கியமான வைத்தியம். மந்திரிக்கணும்னா வீட்டுக்கு திரும்பி வந்தப்புறம் மந்திரிச்சுக்கோங்க.

சேலம் பேர்ல ஒரு சிலந்தி இருக்காமே?
- கல்லூரி மாணவர், காடையாம்பட்டி

உங்க ஊரு பேரே அதோட ஜாதகத்துல இருக்கு தம்பி. காடையாம்பட்டில கிடைச்சதை வச்சு போகாக்னு ஒரு ஆங்கிலேயர் 1899ல பேர் வச்சாரு, பீசிலோதீரியா ஃபார்மோசா. உள்ளங்கை அகலம் வரும் பெரிய சிலந்தி, வலை கட்டி காத்திருக்காது, பழைய மரத்து பொந்துல பகல் பூரா இருந்துட்டு ராத்திரி வேட்டைக்கு வரும். பொந்து வர்ற அளவுக்கு வயசான மரத்தை நாம விட்டு வைக்கறதில்ல, அதான் அழிஞ்சு வர்ற பட்டியல்ல நிக்குது. வெளிநாட்டுல இதை கண்ணாடிப் பெட்டியில வச்சு வளக்கறவங்க வேற இருக்காங்க. கையில புடிச்சு செல்ஃபி எடுக்கற ஆசை வேணாம், கடிச்சா சதைப் பிடிப்பு வந்து நாள் கணக்குல வலிக்கும்.

இறாலும் கரப்பானும் சொந்தம்னு டீச்சர் சொன்னாங்க, நெஜமா?
- எட்டாம் வகுப்பு, அஸ்தம்பட்டி

நெஜம்தான் கண்ணு. பூச்சிங்க கிளை விட்டதே இறால், நண்டு குடும்பத்துக்குள்ள இருந்துதான். இதுவரை பேர் வச்ச விலங்குல 5ல 4 பங்கு இந்த கணுக்காலிங்கதான், அதாவது பூச்சி, சிலந்தி, பூரான், இறால், நண்டு எல்லாம் சேந்த கூட்டம், பத்து லட்சம் இனத்துக்கும் மேல. எலும்பு வெளிய ஓடா இருக்கும், ஓடு வளராது, அதனால பெருசாகணும்னா கழட்டி போட்டே ஆகணும். ராத்திரி கிச்சன்ல லைட்டை போட்டா சில சமயம் வெள்ளை வெளேர்னு ஒரு கரப்பான் நிக்கும் பாரு, அது புது ஜாதி இல்ல, இப்பத்தான் சட்டை கழட்டுனது, கொஞ்ச நேரத்துல கெட்டியாகி கலர் வந்துடும். இன்னொன்னு, இறால்லயும் கரப்பான்லயும் டிரோபோமயோசின்ங்கற புரதம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, அதனால இறால் தின்னா தடிப்பு வர்ற சிலருக்கு கரப்பான் நடமாடற வீட்டுலயும் தும்மல், இழுப்பு வரும். உங்க வீட்ல யாருக்காவது அப்படி இருந்தா அடுத்த தடவை டாக்டர்கிட்ட ரெண்டையும் சேத்து சொல்லச் சொல்லு.