வகுப்பில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

கேள்வி: நான் ஏற்காடு மலைக் கிராமத்துப் பெண், மலையாளி பழங்குடி. சேலத்தில் சட்டம் படிக்கிறேன். "உச்ச நீதிமன்றத்துக்குச் சாதி, மதம் பார்த்து நீதிபதிகளைப் போட்டால் தரம் போய்விடும்" என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வாயே வரவில்லை அம்மா.

பதில்: வாய் வராததற்கு வருத்தப்படாதே, கண்ணு. அடுத்த முறை பேசலாம்.

முதலில், அங்கே இட ஒதுக்கீடே கிடையாது. அரசியல் சட்டத்தின் 124-வது பிரிவில் சாதியும் இல்லை, மதமும் இல்லை. பெயர்களைப் பரிந்துரைப்பது தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் அடங்கிய கொலீஜியம். எந்த மாநிலத்துக்கு ஆள் இல்லை என்று அவர்களும் பார்ப்பதுண்டு. ஊரைப் பார்த்தால் போகாத தரம், பிறப்பைப் பார்த்தால் மட்டும் எப்படிப் போகும்?

1950-ல் தொடங்கிய நீதிமன்றம் அது. முதல் தலித் நீதிபதி வந்தது 1980-ல், நம் தமிழ்நாட்டு அ. வரதராஜன். முதல் பெண் 1989-ல், பாத்திமா பீவி. பிறகு நம் ஆளுநராக இருந்தாரே, அவர்தான். அத்தனை வருடமும் தகுதியான ஆளே பிறக்கவில்லை என்றால் என் மனசு ஒப்பவில்லை.

ஒரு கோர்ட்டில் நான் கண்ணால் பார்த்தது. மஞ்சப்பையோடு மலையிலிருந்து வந்த ஒரு பாட்டி கூண்டில் நிற்கிறார். நிலத்தின் எல்லை கேட்டால், "பலா மரத்துல இருந்து ஓடை வரைக்கும்" என்கிறார். சர்வே நம்பர் கேட்டார்கள். பாட்டி திரும்பவும் பலா மரத்தையே சொன்னார். கோர்ட்டே சிரித்தது. பாட்டி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மலையில் எல்லையை அப்படித்தான் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். அன்று மேடையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. நீதிபதி தன் சாதிக்காகவோ மதத்துக்காகவோ வாதாட வருபவர் அல்ல. ஆனால் அந்த மரத்தைத் தெரிந்த ஒருவர் மேலே இருந்திருந்தால், அந்தச் சிரிப்பு எழுந்திருக்காது.

சரி, உன் வழிக்கு வருவோம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி தேர்வில் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் கீழிருந்து ஏறுவதற்குள் பலருக்கு ஓய்வு வயது வந்துவிடும். உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வக்கீலாக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனவர்கள். அதனால் ஆட்களைச் சலிக்கும் சல்லடை சீனியர் வக்கீலின் அலுவலகத்தில்தான் இருக்கிறது. சென்னையில் ரூம் வாடகை கட்ட முடியாத பிள்ளைகள் அங்கேயே உதிர்ந்துபோகிறார்கள். நீ உதிராதே. சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சேரும் நாளிலேயே கூச்சப்படாமல் கேட்டு வாங்கு.