வாசகர் கேள்வி – பதில்: பப்பாளியும் வளையப்புள்ளி வைரஸும்

கேள்வி: வைரஸின் மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து வைரஸைத் தடுக்கிறார்களாமே, அந்தத் துண்டே நோயைக் கொண்டுவராதா?

பதில்: கொண்டுவராது. வளையப்புள்ளி வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 10,000 எழுத்து (மரபுச் செய்தியின் அடிப்படை அலகு) நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழை. அதில் வைரஸைப் போர்த்தியிருக்கும் மேலுறைப் புரதத்துக்கான பகுதியை மட்டும் எடுத்து, உலோகத் துகள்களில் பூசி, பப்பாளியின் கருத்திசுக்குள் சுட்டுச் செலுத்தினார்கள். மற்ற பகுதிகள் இல்லாமல் வைரஸ் பெருக வழியே இல்லை.

தடுப்பு வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்தப் புரதம் அல்ல, ஆர்.என்.ஏ.தான். செருகிய மரபணுவிலிருந்து உருவாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் செடி 21 முதல் 24 எழுத்துள்ள துணுக்குகளாக நறுக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு வைரஸ் நுழைந்தால், துணுக்கோடு எழுத்து பொருந்தும் இடத்தில் அதன் இழையும் வெட்டுப்படுகிறது. எழுத்து பொருந்தாவிட்டால் வெட்டும் இல்லை. ஹவாயின் பூனா பகுதியில் 1992இல் இந்நோய் நுழைந்தது; 1998இல் இந்த மரபணு செருகிய சன்அப், ரெயின்போ ரகங்கள் உழவர்களுக்குக் கிடைத்தன. உள்ளூர் வைரஸை அவை நன்றாகத் தாங்கின. ஆனால் சோதனையில் வேறு நாட்டு வைரஸ் வகைகளுக்கு ரெயின்போ பணிந்தது. ஓர் ஊரில் வென்ற ரகத்தை அப்படியே இன்னோர் ஊரில் நட்டுவிட முடியாது. அந்தந்த ஊர் வைரஸின் எழுத்து வரிசையை முதலில் படித்தாக வேண்டும்.

கேள்வி: ரெயின்போ பழத்தின் விதையைப் போட்டு வளர்த்தால் எதிர்ப்பு தொடருமா?

பதில்: எல்லாக் கன்றுகளிலும் தொடராது. ரெயின்போ, சன்அப்பையும் மரபணு மாற்றாத கபோஹோ ரகத்தையும் சேர்த்த முதல் தலைமுறைக் கலப்பு. அதில் அந்த மரபணு ஒற்றைப் பிரதிதான். தன் மகரந்தத்தாலேயே காய்த்த பழமானால், 100 விதைக்குச் சுமார் 25 விதையில் மரபணு இராது. கன்றில் வேறுபாடே தெரியாது. நோய் தாக்கிய பிறகுதான் இலைக்காம்பில் எண்ணெய் படிந்தாற்போல் கோடுகளும் காயில் வளையங்களும் காட்டிக்கொடுக்கும். ஆனால் சோதித்தால் முன்பே அறியலாம்: இந்த ரகங்களில் உடன் செருகிய அடையாள மரபணு ஒன்று உண்டு. இலைத்துண்டைச் சாயக்கரைசலில் ஊறவைத்தால், மரபணு உள்ளது நீலமாகும். சன்அப்பில் இரண்டு பிரதியும் இருப்பதால், தன்மகரந்த விதை பிசகாமல் வரும்.

கேள்வி: இந்த வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சிக்கு மருந்து அடித்தால் போதாதா?

பதில்: போதாது. அசுவினி இலையில் ஊசி போன்ற வாயைக் குத்திப் பார்க்கும் சில விநாடிகளிலேயே வைரஸ் இறங்கிவிடும். மருந்து அதற்குப் பிறகுதான் அசுவினியைக் கொல்லும்.