வானொலி வேலையை விட்டு ஆலோசகராக: கேள்வி-பதில்

கேள்வி: 15 ஆண்டுகளாகக் காலை நிகழ்ச்சி நடத்துகிறேன். ஆலோசகர் ஆனால் எதை விற்பது என்றே பிடிபடவில்லை.

பதில்: "15 ஆண்டு அனுபவம்" என்று சொன்னால் மரியாதை கிடைக்கும், வேலை கிடைக்காது. கூப்பிடுபவருக்கு ஒரு தலைவலி இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஆர்ஜேக்கள் பாட்டுக்கு நடுவே வளவளக்கிறார்கள்; பாட்காஸ்ட் ஆரம்பித்த நிறுவனத்துக்கு மூன்று எபிசோடுக்கு மேல் சரக்கு இல்லை; மேலதிகாரிக்கு மைக்கைப் பார்த்தாலே நா உலர்கிறது. இவற்றில் நீங்கள் ஏற்கெனவே தீர்த்துவைத்த ஒன்றைப் பிடியுங்கள். யாருக்கு, என்ன, எத்தனை வாரத்தில் என்று ஒரே வரியில் எழுதி, வானொலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். "அப்படின்னா?" என்று கேட்டால் மறுபடி எழுத வேண்டும்.

கேள்வி: ராஜினாமா கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நோட்டீஸ் காலம், வெளி வேலைக்குத் தடை, விலகிய பிறகு போட்டி நிலையத்துக்கு வேலை செய்யக்கூடாது என்ற விதி, இந்த மூன்றையும் தேடுங்கள். நிகழ்ச்சியின் பெயர், ஜிங்கிள், ஒலிப்பதிவுகள் எல்லாம் பெரும்பாலும் நிலையத்துக்கே சொந்தம். மாதிரிக்குச் சில பதிவுகள் வேண்டுமானால் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். விளம்பரதாரர் பட்டியலைப் பென் டிரைவில் நகல் எடுக்கவே வேண்டாம்.

ஓய்வூதியமோ பணிக்கொடையோ குறிப்பிட்ட சேவைக் காலம் முடிந்தால்தான் என்றிருந்தால், நான்கு மாதம் முன்னதாக விலகி அதைக் கோட்டைவிடாதீர்கள். நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தக் காப்பீட்டை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் சில ஆண்டு வருமானக் கணக்கைக் கேட்கும்.

கையிருப்பு எவ்வளவு? முதல் வேலை பிடிக்க இரண்டு மூன்று மாதம், செய்து முடிக்க ஒரு மாதம், பில் கொடுத்த பின் பணம் வர 30 முதல் 60 நாள். எல்லாம் சரியாக நடந்தாலே முதல் வரவுக்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகிவிடும். ஒன்பது மாத வீட்டுச் செலவு தனிக் கணக்கில் இருந்தால், வருகிற முதல் மோசமான வாடிக்கையாளருக்குத் தலையாட்ட வேண்டியிருக்காது.

கேள்வி: கட்டணம் எப்படிக் கணக்கிடுவது? மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் போதுமா?

பதில்: போதாது. பலரும் கவிழ்வது இங்கேதான். ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 260 நாள். விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள் என்று 40 போனால் 220. அதில் பாதி வேலை தேடுவதற்கும் புரபோசல் எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் போகும். பில் போட முடிவது 110 நாள்தான். ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு, சேமநிதி, கருவிகள் என்று நிலையம் ஏற்றுக்கொண்டிருந்த செலவு 30 என்றால் மொத்தம் 130. அதை 110ஆல் வகுத்தால் நாளுக்கு 1.18. நீங்கள் சொன்ன கணக்கில், 100ஐ 12 மாதத்தால் வகுத்துப் பிறகு 30ஆல் வகுத்தால், வருவது 0.28. நாலு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! இந்தத் தொகையைச் சொல்லும்போது குரல் தடுமாறுகிறதா? நாள் கணக்கை உங்களுக்குள் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் முழு வேலைக்கும் ஒரே தொகையாகச் சொல்லுங்கள். பாதி முன்பணம். எத்தனை முறை திருத்தம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஆர்ஜேக்களுக்கு ஏர்செக் அமர்வு, அதாவது ஒலிபரப்பான நிகழ்ச்சியின் பதிவைக் கேட்டுத் திருத்தும் அமர்வு, நடத்தக் கேட்கிறார்கள். நான் பேசிப் பழகியவன், சொல்லிக்கொடுக்க வருமா?

பதில்: பேசிப் பழகியதுதான் இதில் முதல் இடைஞ்சல். எந்த மணி நேரத்தைக் கேட்பது என்பதை ஆர்ஜேயிடம் விடாதீர்கள்; அவருக்குப் பிடித்த நாளைத்தான் கொண்டுவருவார். நீங்களே ஒரு சாதாரண செவ்வாயோ புதனோ எடுங்கள். பாட்டையும் விளம்பரத்தையும் வெட்டிவிட்டு, ஒவ்வொரு பாட்டின் தலையும் வாலும் மட்டும் சில விநாடி விட்டால் ஒரு மணி நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கும்.

முதலில் தனியாகக் கேட்டு, ஒவ்வொரு லிங்குக்கும் (பாட்டுகளுக்கு நடுவே ஆர்ஜே பேசும் பகுதி) இரண்டு எண் குறியுங்கள்: மொத்தம் எத்தனை விநாடி, விஷயம் எத்தனையாவது விநாடியில் தொடங்கியது. 70 விநாடி லிங்கில் விஷயம் 35ஆவது விநாடியில் வந்தால், அதற்கு முன் இருப்பதெல்லாம் வணக்கமும் வானிலையும்தான். அமர்வில் பதிவை ஓடவிட்டு "எந்த இடத்தில் நீயே சேனலை மாற்றுவாய்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆர்ஜேயே இடத்தைக் காட்டுவார். ஒரு அமர்வுக்கு ஒரு திருத்தம். ஏழு குறையை அடுக்கினால் மறுநாள் காலையில் பயம் குரலிலேயே தெரியும்படி பேசுவார். அதற்கு நீங்கள்தான் காரணம்.

கேள்வி: பாட்காஸ்ட் ஆலோசனைக்கு வீட்டில் ஸ்டூடியோ கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு டைனமிக் மைக் (சுற்றுச் சத்தத்தை அதிகம் வாங்காத வகை), ஹெட்போன், திரைச்சீலையும் துணியலமாரியும் உள்ள அறை போதும். நீங்கள் கற்க வேண்டியது ஒலி அளவு. பண்பலையில் ஒலிபரப்புக்கு முன் ஒரு பிராசஸர் எல்லாவற்றையும் சமன் செய்துவிடும். அதனால் வானொலிக்காரர் காதுக்கு அளவு ஏறி இறங்குவது பெரிதாகப் படுவதில்லை. பாட்காஸ்டில் அந்தப் பெட்டி கிடையாது; அளவை நீங்களே சரிசெய்ய வேண்டும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் (ஈபியூ) ஆர்128 தரம் −23 எல்யூஎஃப்எஸ்; காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு அது, எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைப்பது −16 சுற்றில், உச்சம் −1 டெசிபலைத் தாண்டாமல்.

கேள்வி: பழைய நிலையமே முதல் வாடிக்கையாளராக வருகிறது. ஏற்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் மூன்று மாதம், முடியும் தேதியோடு, ஒப்படைக்க வேண்டியவை இன்னின்ன என்று எழுதி வாங்குங்கள். தினமும் இத்தனை மணிக்கு வர வேண்டும், இந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆரம்பித்தால் காப்பீடும் விடுப்பும் இல்லாத அதே பழைய வேலை அது. பல நாடுகளில் வரித்துறையும் அப்படித்தான் பார்க்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வருகிறது என்றால், அடுத்த மாதம் வாரத்துக்கு இரண்டு நாளையாவது வேறு ஆளைத் தேட ஒதுக்குங்கள்.