கலை அறிவியல் கல்லூரியில் மேடை மேலாண்மைக்குப் பட்டப்படிப்பு தொடங்கினால் பாடத்திட்டத்தை எப்படி அமைப்பது?

நீங்கள் தந்த விவரங்கள்: தமிழ்நாட்டில் ஒரு கலை அறிவியல் கல்லூரி, மூன்றாண்டு பி.ஏ., 60 இடங்கள், சொந்த அரங்கம் உண்டு, நாடகத் துறை இல்லை, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை உண்டு. பாடத் தலைப்புகளைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் அந்த 60 என்ற எண்ணை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்டேஜ் மேனேஜர் என்பவர் ஒத்திகையின் முதல் நாளிலிருந்து கடைசிக் காட்சி முடிந்து செட்டைப் பிரித்து ஏற்றும் வரை நிகழ்ச்சியைக் கையில் வைத்திருப்பவர். ஒளி, ஒலி, திரை, செட் மாற்றம் எல்லாம் அவர் ‘கோ’ சொன்னால்தான் நடக்கும். அந்தக் குறிப்பைச் சரியான நேரத்தில் சொல்வதுதான் க்யூ கொடுப்பது. பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் நிகழ்ச்சிக்குக் க்யூ கொடுத்துத்தான் இந்த வேலையைக் கற்க முடியும். ஒரு மாணவர் பட்டம் வாங்குவதற்குள் குறைந்தது 2 தயாரிப்புகளுக்காவது தனியாகக் க்யூ கொடுத்திருக்க வேண்டும். 60 பேர் என்றால் ஆண்டுக்கு 120 வாய்ப்பு வேண்டும். எந்தக் கல்லூரியாலும் முடியாது. 10 பேர் என்றால் 20 வாய்ப்பு. ஆண்டுக்கு 6 நாடகம், ஒவ்வொன்றும் 4 காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 2 காட்சிக்கு ஒருவர், அடுத்த 2 காட்சிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய இன்னொருவர் என்றால் 12 வாய்ப்பு. மீதி 8 கல்லூரி ஆண்டு விழா, பக்கத்து இசைக் கல்லூரியின் நடன நிகழ்ச்சி, ஊருக்கு வரும் குழுக்களின் நாடகம் ஆகியவற்றில் கிடைக்கும். கணக்கு சரியாக வருகிறது. எத்தனை நிகழ்ச்சி நடத்த முடியும் என்று எண்ணிவிட்டு அதிலிருந்து சேர்க்கை எண்ணுக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் 50 பேர் மூன்று ஆண்டும் பார்வையாளர்களாகவே இருந்துவிட்டுப் போவார்கள்.

அடுத்தது கிரெடிட். நம் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைக்குப் பொதுவாக 140 கிரெடிட். தமிழும் ஆங்கிலமும் முதல் நான்கு செமஸ்டரில் அதில் 24 எடுத்துக்கொள்ளும். வாரத்தின் 30 மணி நேரத்தில் 12 மணி நேரமும் அவற்றுக்கே போகும். இதை மாற்ற முயல வேண்டாம். தயாரிப்புக்குக் கொடுக்கும் கிரெடிட்டில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். செய்முறைக்கு 30 மணி நேரம் ஒரு கிரெடிட் என்பது வழக்கம். ஒரு நாடகத்துக்கு 5 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம் ஒத்திகை என்றால் 75 மணி. செட் ஏறும் கடைசி வாரம் 50 மணி. நான்கு காட்சிக்கு 20. தாள் வேலை 15. ஆக 160 மணி, அதாவது 5 கிரெடிட். இதை ‘பிராக்டிகல் – 2 கிரெடிட்’ என்று போட்டுவிட்டால் மாணவர் மற்ற தாள்களில் அரியர் வைப்பார். பழி நாடகத்தின் மேல் விழும்.

ஒத்திகை மாலையில்தான் நடக்கும், காட்சி இரவு ஒன்பதரைக்கு முடியும், செட்டைப் பிரிக்கப் பதினொன்றாகும். மாணவியர் விடுதிக் கதவு ஆறரைக்கு மூடினால் இந்தப் படிப்பில் பெண்களுக்கு இடமில்லை என்று எழுதாமல் எழுதியதாகிவிடும். இரவு அனுமதி, வண்டி, பொறுப்பாசிரியர், மறுநாள் முதல் இரண்டு மணி நேர வருகைப்பதிவில் சலுகை ஆகிய நான்கையும் முதல்வரின் கையெழுத்தோடு வாங்கிய பிறகு சேர்க்கை விளம்பரம் கொடுங்கள். பாடத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

படிப்பின் ஏறுவரிசை எளிமையானது. முதல் செமஸ்டரில் மேடைக் குழுவில் கை வேலை: திரை இழுப்பது, தட்டி தூக்குவது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் உதவியாளராக அரங்கப் பொருள்களின் பொறுப்பு. நான்காவதில் புக் (நகர்வும் க்யூவும் குறித்த நாடகப் பிரதி) வைத்து ஒத்திகையில் உட்கார்ந்து, கடைசி 2 காட்சிக்குக் க்யூ. ஐந்தாவதில் முதல் 2 காட்சிக்குக் க்யூ. ஆறாவதில் ஒரு முழு நாடகத்துக்கு ஸ்டேஜ் மேனேஜர். இதில் எந்தப் படியையும் தாண்ட விடாதீர்கள். பொருள் மேசையை ஒருமுறைகூட அடுக்காதவர், இருட்டில் ஒரு குவளை எங்கே வைக்கப்பட்டிருக்கும் என்று யோசிக்காமலே க்யூ போடுவார்.

முதல் செமஸ்டரின் முக்கியத் தாள் வரைபடம் படிப்பதும் தரையில் குறிப்பதும். 1:25 அளவுத் திட்டப்படத்தை ஒத்திகை அறைத் தரையில் முழு அளவில் டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். முதலில் மேடை முன்கோடு, பிறகு நடுக்கோடு. முன்கோட்டில் இரண்டு நிலையான புள்ளிகள். செட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் தூரம் அளந்து, இரண்டு அளவு டேப்பும் சந்திக்கும் இடத்தில் சாக்பீஸ் குறி. எல்லாக் குறியும் விழுந்த பிறகே நிறநாடா. ஒரு காட்சிக்கு ஒரு நிறம். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் இன்சுலேஷன் டேப்பே போதும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: ஏ3 படத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளுக்குச் சுருக்கி எடுத்துவிடுவார்கள். தாளில் 1:25 என்றே அச்சாகியிருக்கும், அளவுகோல் பொய் சொல்லும். படத்திலேயே ஒரு மீட்டர் கோடு வரைந்திருக்க வேண்டும். அதை அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்கப் பழக்குங்கள். இன்னொன்று, படம் மீட்டரில் இருக்கும், தச்சர் அடியில் பேசுவார், ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடி. இரண்டும் மாணவரின் வாயில் சரளமாக வர வேண்டும்.

நான்காவது செமஸ்டரிலிருந்து புக். நாடகப் பிரதி ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் நடிகர் நகர்வுக்கும் க்யூவுக்கும். எல்லாம் பென்சிலில், ஒத்திகையில் எதுவும் மூன்று நாள் நிற்காது. நடிகர் நிற்கும் இடத்தைக் குறிக்க மு, பி, இ, வ (முன், பின், இடம், வலம்) என்று தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொள்ளலாம். இடமும் வலமும் எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையவை. மதிப்பீட்டுக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்றுதான். ஒத்திகைக்கே வராத சக மாணவரிடம் புக்கைக் கொடுத்து, ஒரு முழு உடை ஒத்திகைக்குக் க்யூ கொடுக்கச் சொல்லுங்கள். அவர் நடத்தி முடித்தால் எழுதியவருக்கு முழு மதிப்பெண். தடுமாறிய இடங்களை எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள். அழகான கையெழுத்துக்கும் வண்ண ஸ்டிக்கருக்கும் மதிப்பெண் போட வேண்டாம்.

க்யூ மொழிக்குத் தனியாக ஒரு தாளே வேண்டும். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகும். முறை எங்கும் ஒன்றுதான்: ‘எல்எக்ஸ் 23, ஸ்டாண்ட்பை’ (23ஆம் ஒளிக் க்யூவுக்குத் தயாராக இரு) என்றால் இயக்குபவர் ‘ஸ்டாண்ட்பை’ என்று திருப்பிச் சொல்வார், நேரம் வந்ததும் ‘எல்எக்ஸ் 23, கோ’. ‘கோ’ கடைசிச் சொல்லாக வருவதற்குக் காரணம், அந்த ஒலி கேட்ட கணத்தில் விரல் பொத்தானை அழுத்தும். அதனால் ஹெட்செட்டில் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. தமிழாக்குகிறேன் என்று ‘போ’ என்று மாற்றிவிடாதீர்கள். ‘அவரைப் போகச் சொல்லு’, ‘போதும்’ என்று பேச்சில் நூறு முறை வரும் ஒலி அது. ஒருநாள் தவறான நேரத்தில் விளக்கு அணையும். ‘கோ’ நம் பேச்சில் தனிச் சொல்லாக வருவது அரிது, அப்படியே இருக்கட்டும்.

எண்களிலும் இதே தொல்லை. ஹெட்செட்டின் இரைச்சலில் ஒன்பதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கும், ஏழும் எட்டும் மயங்கும். எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழக்குங்கள்: ‘இரண்டு மூன்று’. ஒளிக்கு எண், ஒலிக்கு எழுத்து என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மரியாதையைப் பற்றியும் வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும். இருபது வயது மாணவி, அறுபது வயது லைட் மாஸ்டரிடம் ‘கோ’ என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘சார், லைட் கொடுங்க சார்’ என்பார். அதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். இருட்டில் முடிய வேண்டிய காட்சி வெளிச்சத்தில் முடியும். க்யூவில் ஆளைக் கூப்பிடுவதில்லை, துறையைத்தான் கூப்பிடுகிறோம் என்று மாணவிக்குச் சொல்லிக்கொடுங்கள். தொடங்கும் முன் அவரே போய் மாஸ்டரிடம், ‘சார், ஹெட்செட்ல எல்எக்ஸ்னு மட்டும்தான் சொல்லுவேன், தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் போய் நன்றி சொல்வதும் இந்தத் தாளில் சேர்ந்ததே.

தாளக் கணக்கு இல்லாமல் இந்தப் பட்டத்தைத் தமிழ்நாட்டில் தரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேற்கில் ஆபெராவுக்குக் க்யூ கொடுப்பவர் இசைக்குறிப்பைப் பார்த்துக் கொடுக்கிறார். இங்கே பரதநாட்டியத்துக்கு நட்டுவாங்கமும் பாட்டும் நேரடியாக நடக்கும். ஒரு வரியை நான்கு முறை பாடுவாரா ஆறு முறை பாடுவாரா என்பது அன்றைய மனநிலை. ஸ்டாப்வாட்ச் உதவாது. ஆதி தாளத்துக்கு 8, மிஸ்ர சாப்புக்கு 7, கண்ட சாப்புக்கு 5 என்று கையில் போட்டுக்கொண்டு, சாகித்ய வரியையும் தீர்மானம் (அடவுக் கோவையின் முடிப்பு) முடியும் அட்சரத்தையும் கேட்டு, அதற்கு ஒரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) முன்பே ஸ்டாண்ட்பை சொல்லத் தெரிய வேண்டும். இசைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு 2 கிரெடிட் தாளாக நடத்தலாம். தெருக்கூத்துக்கு இதே பயிற்சி வேறு வடிவத்தில் தேவைப்படும். அங்கே வசனம் நிலையானதில்லை, தருவின் (கூத்துப் பாட்டின்) தொடக்கத்தையும் திரை பிடிப்பதையும் வைத்துத்தான் எதையும் குறிக்க முடியும்.

பாதுகாப்பை எல்லாத் தாளிலும் கலந்து விடாமல் முதல் ஆண்டிலேயே தனியாக வையுங்கள். சிகாகோவின் இராக்வா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று நடந்த தீ விபத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். விளக்கின் பொறி துணியில் பற்றியது, தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கியது, வெளிவாசல்கள் பல பூட்டியிருந்தன. மூன்றுமே காட்சிக்கு முன் ஒருவர் சுற்றி வந்து பார்த்திருக்க வேண்டியவை. அந்தச் சுற்றை மாணவர் உங்கள் அரங்கில் கையெழுத்துப் போட்டுச் செய்யட்டும்: எல்லா வாசலும் தள்ளினால் திறக்கிறதா, தீயணைப்பான் தேதி தாண்டியிருக்கிறதா, நடைபாதையில் கூடுதல் நாற்காலி போட்டிருக்கிறார்களா. நம் ஊரில் மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது.

தேர்வைப் பொறுத்தவரை, 25 உள்மதிப்பீடு, 75 எழுத்துத் தேர்வு என்ற பிரிப்பு இந்தப் படிப்புக்கு ஒத்துவராது. செய்முறைத் தாளாகப் பதிவு செய்து, வெளித்தேர்வாளர் காட்சி நாளில் க்யூ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மதிப்பிடும்படி பாடத்திட்டக் குழுவில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். தேர்வு நாளைப் பல்கலைக்கழக அட்டவணைக்குள் திணிக்கப் பார்த்தால் ஒன்றும் நடக்காது; தயாரிப்பு நாள்களையே தேர்வு நாள்களாக முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

ஆசிரியர் கிடைப்பது கடினம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் நடனம், நாடகம், அரங்கம் சேர்ந்த நிகழ்த்துகலைப் பாடம் இருக்கிறது. மேடை மேலாண்மைக்கென்று தனியாக இல்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்த்துகலைத் துறையில் படித்தவர்களைத் தேடிப் பாருங்கள். தொழில்முறைக் கலைஞர்களுக்கு யுஜிசி 2022இல் வெளியிட்ட ‘ப்ரொபஸர் ஆஃப் ப்ராக்டிஸ்’ வழிகாட்டுதல் உதவும்: 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை, நிறுவனத்தின் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் நியமிக்கலாம். ஒருவர் இப்படி, ஒருவர் நெட் முடித்தவர், ஒளி ஒலிக்கு விஸ்காம் துறையின் உதவி என்றால் 10 பேருக்குப் போதும்.

கருவிகளில் பணத்தை முதலில் ஹெட்செட்டில் போடுங்கள்: 6 பெல்ட்பேக் (ஹெட்செட்டை இணைத்து இடுப்பில் மாட்டும் பெட்டி), கம்பி இணைப்பு, இரண்டு சேனல். வாக்கிடாக்கியிலோ கைப்பேசியிலோ இந்த வேலையைப் பழக முடியாது. சிவப்பு, பச்சை க்யூ விளக்குகளை ஊர் எலெக்ட்ரீஷியனே செய்து தருவார். ஒத்திகை அறை, மேடையின் நடிப்புப் பரப்பைவிட நான்கு பக்கமும் ஒரு மீட்டராவது பெரிதாக இருக்கட்டும்.

உள்ளிருப்புப் பயிற்சிக்கு மார்கழி சீசனை விட்டால் வேறு காலம் இல்லை. ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். டிசம்பர் நடுவில் சென்னை சபாக்களில் ஒரே மேடையில் காலையிலிருந்து இரவு வரை கச்சேரி, நடனம் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கச்சேரி முடிந்து அடுத்ததற்கு மைக், மேடை மாற்றக் கிடைக்கும் இடைவெளியில் கற்பது வகுப்பில் கிடைக்காது. ஐந்தாவது செமஸ்டர் முடிவில் 4 வாரம், அன்றாட அறிக்கையோடு.

தமிழ் நாடகம் மட்டும் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்காது என்பதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லுங்கள். வேலை பெரும்பாலும் நிகழ்ச்சி நிறுவனங்கள், தொலைக்காட்சித் தளம், நடனக் குழுக்களின் வெளியூர்ப் பயணம் ஆகியவற்றில்தான். அதனால் கடைசி ஆண்டு விருப்பத் தாள்களில் ஒன்று பெரிய நிகழ்ச்சிகளின் ஓட்டப்பட்டியலுக்கும், ஒன்று பயணத் திட்டத்துக்கும் பொருள்களைப் பெட்டி கட்டுவதற்கும் இருக்கட்டும்.

உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று எழுதவில்லை. பெற்றது என்றால் சொந்தப் பாடத்திட்டக் குழுவிலேயே இதையெல்லாம் நிறைவேற்றலாம். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் புதிய பட்டத்துக்கு ஒப்புதல் வாங்கக் காலமாகும். அதுவரை விஸ்காம் மாணவர்களில் 10 பேருக்கு ஓராண்டு மாலைநேரச் சான்றிதழ்ப் படிப்பாக நடத்துங்கள். அந்த ஆண்டில் எத்தனை நிகழ்ச்சி உண்மையில் நடந்தது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வைத்தால், ஒப்புதல் விண்ணப்பத்தில் கிரெடிட்டுக்கும் சேர்க்கை எண்ணுக்கும் அந்தக் கணக்கையே ஆதாரமாக இணைக்கலாம்.