நாலாவது கால்

கேள்வி: பௌர்ணமி அன்று மனநோய் முற்றும், அடிதடி கூடும் என்று சாதிக்கிறார் என் நண்பர். இரவு இரண்டு மணி வரை வாதாடினேன், மசியவில்லை. இப்படிப் பிடிவாதம் பிடிப்பவர்களிடம் பேசி என்ன பயன்?

பதில்: பிடிவாதம்! என்ன அருமையான சொல். முதலில் பிடி, அப்புறம்தான் வாதம். மூளை வேலை செய்யும் வரிசையே அதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறோமே, அந்தப் 'பிடித்த'வையும் பாருங்கள். கையில் பிடித்ததும் பிடித்ததுதான், மனசுக்குப் பிடித்ததும் பிடித்ததுதான். பிடித்துப்போன முயலின் காலை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

மனசுக்குப் பிடிக்கக்கூட வேண்டாம், தோன்றினாலே போதும். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குள் அடங்கும். நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 8, 10, 12? அடங்கும். 20, 22, 24? அடங்கும். உடனே, 'இரண்டிரண்டாகக் கூடுகிறது' என்பார்கள். தவறு! எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும், 1, 2, 50 கூட அடங்கும். 29 பேரில் 6 பேர்தான் முதல் தடவையே சரியாகச் சொன்னார்கள். மானப் பிரச்சினையா, கொள்கைப் பிரச்சினையா? வெறும் எண்கள். அதிலேயே, 'அடங்காது' என்ற பதில் வரக்கூடிய எண்களைக் கேட்டுப் பார்க்க மனம் வருவதில்லை.

உங்கள் நண்பருக்கும் அதேதான். அடிதடி நடந்த பௌர்ணமி நினைவில் நிற்கிறது, எல்லோரும் தூங்கிப்போன பௌர்ணமி நிற்பதில்லை. ராட்டன், கெல்லி என்ற இருவர் 37 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சொல்லும்படியான தொடர்பு எதுவும் இல்லை என்று 1985-லேயே எழுதிவிட்டார்கள். விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

சரி, பேசி என்ன பயன்? மெய்ப்புத் திருத்துபவர் எதற்கு, எழுதியவரே ஒருமுறை படித்தால் போதாதா என்று கேட்பவர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. ஒரு முறை 'வாதம் செய்வோம்' என்று தலைப்பு வைத்தேன். நாலு தடவை படித்தேன். மெய்ப்புத் திருத்துபவர் ஒரே பார்வையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பினார். துணைக்கால் விட்டுப்போய் 'வதம் செய்வோம்' என்றிருந்தது! என் முயலின் நாலாவது காலை என்னால் பார்க்க முடியாது, அவரால் முடியும். அது அவர் முயல் இல்லையே.

இதே வேசன் நான்கு அட்டைகளை வைத்து இன்னொரு புதிரும் செய்தார். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், அதைத் தனியாகப் போட்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் சரியாகப் போட்டார்கள். ஐந்தாறு பேராக உட்கார்ந்து பேசிய குழுக்களில் 75 சதவீதம் சரி! அங்கே யாரும் யாரையும் மசிய வைக்கப் போகவில்லை. விடை வேண்டும் என்று உட்கார்ந்தார்கள், ஆளுக்கொரு தவறை அடுத்தவர் பிடித்துக் கொடுத்தார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இரவு இரண்டு மணி வரை பேசியதில், நண்பர் சொன்ன ஒரு வார்த்தையாவது உங்களுக்குச் சரியென்று பட்டதா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.